உரிமை துறந்த உத்தமர்

உலகில் துறவிகளுக்குப் பஞ்சமில்லை. நாட்டைத் துறந்தவர்கள் உண்டு. பொன்னையும் பொருளையும் துறந்தவர்கள் உண்டு. தருமபுரி கேழ்வரகு மாவு வியாபாரி மாதவராஜ் தன் பெயரையே துறந்தார். ஐந்து சதவீத வரி மிச்சமானது.

ஜிஎஸ்டி வந்த புதிதில், பதிவு செய்த பிராண்டு பெயரில் மாவு பாக்கெட் போட்டால் வரி. 'இந்தப் பெயருக்கான உரிமையைத் துறக்கிறேன், யார் பயன்படுத்தினாலும் கேட்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்து, பாக்கெட்டிலும் அச்சடித்துவிட்டால் வரியில்லை. அவருடைய பிராண்டு 'மாதவராஜ்'. வேறெந்தப் பெயரும் அவருக்குப் பிடித்ததில்லை.

துறப்பதற்கு முன்புவரை, அதே பெயரை வாடகைக்கு வாங்கித்தான் கடத்தூரில் அமீருன்னிசா தன் மில் மாவை விற்றுவந்தாள். கம்பைநல்லூர் மில்காரர் அந்தப் பெயருக்கு அதிக வாடகை தருவதாகச் சொன்னதும், மாதவராஜ் காரில் வந்து இறங்கினார்.

"போர்டுல இருக்கற என் பேரை இப்பவே சுரண்டும்மா. என் பேர் இல்லீன்னா உன் மாவு வெறும் தூசி."

கடை நிறைய ஆட்கள். அவள் கணவர் அப்துல் கனி ஏணியில் ஏறிச் சுரண்டினார். பெயிண்ட் செதில்கள் கீழே நின்றவளின் முக்காட்டில் விழுந்தன. அவள் தட்டிவிடவில்லை.

ஆடிட்டர் கலைவாணன் எழுதிய பத்திரத்தில் 'துறக்கிறேன்' என்ற சொல்லைப் பார்த்ததும் மாதவராஜுக்கு மெய்சிலிர்த்தது. வரி விஷயம் பின்னால் போயிற்று. பஸ் ஸ்டாண்டு எதிரே ஃபிளெக்ஸ் எழுந்தது: 'உரிமை துறந்த உத்தமர்!' வியாபாரிகள் பாராட்டு விழா வைத்தார்கள். செலவு உத்தமருடையது.

அமீருன்னிசா ஒரு சால்வையோடு போனாள். போர்த்திவிட்டு, மைக் பக்கத்திலேயே கேட்டாள்.

"நெசமாவே யார் வேணா உங்க பேரைப் போட்டுக்கலாங்களாண்ணா?"

"யார் வேணா!"

"எதுல வேணா?"

கலைவாணன் பின்னாலிருந்து சட்டையை இழுத்தார். மாதவராஜ் கையைத் தட்டிவிட்டார்.

"எதுல வேணா போட்டுக்கம்மா! துறந்தவன் திரும்பிப் பாக்க மாட்டான்!"

கைதட்டல். அதை ஃபைசான் ஸ்டுடியோக்காரர் வீடியோ எடுத்தார். அமீருன்னிசா ஒரு காப்பி வாங்கிக்கொண்டாள்.

"மாவுல போடலாமா அமீரு?" என்றார் அப்துல் கனி.

"மாவுல எதுக்குங்க? மாவுக்கு என் பேரே போதும். தவுட்டு மூட்டையில போடுங்க. பெருசா."

ஒரே மாதத்தில் கடத்தூர்ச் சந்தையில் 'மாதவராஜ் மாட்டுத் தவிடு' அடுக்கடுக்காக நின்றது. பார்த்த மற்ற மில்காரர்களும் அதே பெயரைப் போட்டார்கள். "மாதவராஜ் புழு புடிச்சிருக்குதா பாரு", "மாதவராஜைத் தண்ணியில நல்லா ஊறவெய்யி" என்று ஊரே பேசியது. மாவு பாக்கெட் வாங்க வந்தவர்கள், "மாட்டுக்குப் போடறதுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கம்பைநல்லூர் மில்காரர் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாதவராஜ் ஆடிட்டரிடம் ஓடினார். "கேஸ் போடுய்யா!"

"தவுட்டுக்குக் கேக்கலாமான்னு வக்கீலை வெச்சுப் பாக்கலாங்க. ஆனா எதுல வேணான்னு மேடையிலயே சொல்லிட்டீங்க. வீடியோ இருக்குதுங்க."

"ஒருத்தனும் அந்தத் தவுட்டை வாங்காம பண்றேன் பாரு!" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

தொழுவத்தில் அவர் மனைவி நிர்மலா 'மாதவராஜ்' மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக அதைத்தான் போடுகிறாராம். பால் ஒரு லிட்டர் கூடியிருக்கிறது.