தலையணைக் கம்பெனியில் ஒரு கூட்டம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. அக்கா போனில் சொன்னது. அவள் ஒரு தலையணைக் கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "இதை நீ எழுதிடுவேன்னு தெரியும். எழுதிக்கோ. ஆனா என்னைத் தியாகி ஆக்கிடாதே, கம்பெனியில ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றாள். ஆகவே இதில் வரும் அக்கா எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவாள். அடுத்தவர் சாப்பாட்டு டப்பாவில் கூசாமல் கை வைப்பாள்.

2

தொடக்கம் ஒன்று: "தொழிலாளர் உரிமைகள் மசோதாவின் நான்காம் பிரிவு யாதெனில்..." (எழுதும்போதே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "இயந்திரங்கள் இரைந்தன. அவள் கண்களில் ஒரு தீ..." (அக்கா கண்ணில் பஞ்சுதான் விழும். இதையும் அடித்துவிட்டேன்.)

தொடக்கம் மூன்றுக்கு எனக்குப் பொறுமை இல்லை. விஷயம் இதுதான். பாதிக்கு மேற்பட்டவர்கள் கை தூக்கினால் சங்கம் வைக்கலாம், அதற்காக யாரையும் வேலையைவிட்டு அனுப்பக் கூடாது என்று ஒரு மசோதா வந்திருக்கிறது. வந்திருக்கிறதே தவிர, இன்னும் சட்டமாகவில்லை. அதற்குள் அக்கா சங்கம், சங்கம் என்று ஒவ்வொருவர் காதையும் கடித்துவிட்டாள். மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"சட்டம் வர்றப்போ வரட்டும்மா. பாதிக்கு மேல கை தூக்கினா முதலாளிகிட்ட நானே பேசுறேன். இல்லேன்னா நீ வேற வேலை பார்த்துக்க."

அத்தான் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். அக்கா சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது. உண்மையைச் சொன்னால், அதில் நானும் கொஞ்சம் ஓடுகிறேன். (சிரிப்புக் கதை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.)

3

மேனேஜர் விஷயத்தில் ஒரு சிக்கல். வில்லன் ஆயிற்றே என்று பெரிய மீசை வைத்திருந்தேன்.

"அவருக்கு மீசையே கிடையாது. முதுகுவலிக்காரர், பாவம். அவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்தானே" என்றாள் அக்கா.

"வில்லனைப் போய்ப் பாவம்னு சொன்னா நான் எப்படிக்கா கதை எழுதுறது?"

"அது உன் பாடு."

மீசையை எடுத்துவிட்டேன். அந்த இடம் இப்போது வெறிச்சென்று இருக்கிறது.

4

கூட்டத்தை எங்கே போடுவது? தையல் கூடத்தில் ஒரே இரைச்சல். சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் இடம் போதாது. மொத்தப் பேரும் மெஷினை விட்டு எழுந்து போனாலும் யாரும் ஏனென்று கேட்காத இடம் சோதனை அறைதான். புது ரகத் தலையணை வந்தால், அங்கே எல்லோரும் வரிசையாகப் படுத்துத் தலை வைத்துப் பார்த்து, பாஸா ஃபெயிலா என்று சொல்ல வேண்டும்.* கையை எண்ணுவதற்கு மேனேஜரும் வந்துவிட்டார்.

* இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டேன். "காலையிலேருந்து தைச்சிட்டுப் போய்ப் படுத்துப் பாரு, தெரியும்" என்றாள்.

அன்றைக்கென்று பார்த்து நல்ல தலையணையாக வந்து தொலைத்தது.

அக்கா பேசினாள். பிரிவு, உட்பிரிவு, உட்பிரிவின் விளக்கம். மேனேஜர் மனம் கோணக் கூடாதென்று அன்றைக்கு மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினாளாம். இரண்டாம் பிரிவில் பஞ்சு அடைப்பவர் குறட்டை விட்டார். மூன்றாம் பிரிவுக்குள் தையல்காரர்கள் மொத்தமும் அவுட். முதுகு வலிக்கிறதே என்று மேனேஜரும் ஓரமாய்ச் சாய்ந்தார். "சங்கம் வேணுங்கிறவங்க கை தூக்குங்க" என்றபோது அந்த அறையில் எழுந்தது ஒரே ஒரு கை. அதுவும் அக்காவுடையது.

(உறங்கிக் கிடக்கும் தொழிலாளர் வர்க்கம் என்று இங்கே ஓர் உருவகம் வைத்திருந்தேன். அக்கா உதைப்பாள். எடுத்தாயிற்று.)

"எழுப்பியிருக்கலாமேக்கா?"

"எழுப்பாம இருப்பேனா? 'தலையணை பாஸ்'னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்கடா."

மேனேஜர் விழித்துக்கொண்டார். வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு. அந்த வெட்கத்திலேயே இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். திங்கட்கிழமை மதியம், முற்றத்தில், எல்லோரும் நின்றுகொண்டு. அதுதான் கடைசி.

5

முடிவு அ: எல்லாக் கைகளும் எழுகின்றன. வானம் சிவக்... (மதியத்தில் எப்படிச் சிவக்கும்?)

முடிவு ஆ: ஒருவரும் தூக்கவில்லை. அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்... இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் என் அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது.

முடிவு இ: மேனேஜரே கை தூக்கிவிடுகிறார்.

மூன்றையும் படித்துக் காட்டினேன். 'இ'யைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "எதையும் எழுதாதே" என்றாள்.

"ஏங்க்கா?"

"இந்தக் கதை ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வந்தா எங்காளுங்க படிப்பாங்கடா. ஜெயிச்சுட்டோம்னு எழுதினா, அதான் ஜெயிச்சாச்சே, நான் வேற எதுக்குன்னு கையைக் கட்டிக்குவாங்க. தோத்துட்டோம்னு எழுதினா, அதான் தோத்தாச்சேன்னு கட்டிக்குவாங்க. நீ சும்மா இரு."

இத்தனை வருஷம் எழுதியதில், சும்மா இருக்கச் சொன்ன முதல் எடிட்டர் இவள்தான்.

6

எனவே என்னிடம் முடிவு இல்லை. திங்கட்கிழமை மதியம். முற்றத்தில் எல்லோரும் நிற்கிறார்கள், நன்றாக விழித்துக்கொண்டு. எதிரே அக்கா. மேனேஜர் எண்ணுவதற்கு விரலை நீட்டிவிட்டார். நீங்கள் அந்தக் கம்பெனி ஆளா, வேறு எந்தக் கம்பெனி ஆளா, எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பேப்பரைப் பிடித்துக்கொள்ள ஒரு கை போதும். இன்னொரு கை சும்மாதான் இருக்கிறது.