மாரக்காள் தோட்டத்தில் நான்கு டிராகன்கள்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் பட்டறையில் உள்ள பெயின்ட் டப்பாவெல்லாம் மூடி திறக்காமலே கட்டிதட்டிப் போகட்டும். நாற்பது வருடமாக லாரிக்குப் படம் எழுதுகிறவன் இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய முடியாது.

திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டிக்காரர் குழந்தைவேல் போன மாசியில் செல்போனில் ஒரு படம் காட்டினார். நான்கு டிராகன்கள். நிலத்துக்கு ஒன்று, நீருக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று.

"போர் போடற வண்டிக்கு இதைவிடப் பொருத்தம் ஏதுங்கண்ணா? மண்ணைக் குடையறோம், தண்ணி எடுக்கறோம். கம்ப்ரசர் காத்து ஊதுது. இஞ்சின் நெருப்பாக் கொதிக்குது."

"ஆகாயத்தை உட்டுட்டீங்களே?"

"வண்டிக்குத்தான் கூரை இல்லீங்களே. அது தானா வந்துரும்."

வண்டியின் மூலைக்கு ஒன்றாக எழுதினேன். குறை சொல்ல முடியாது. நீர் டிராகனின் வாயில் வைத்த நீலம் கடைசிவரை காயவே இல்லை. நெருப்பு டிராகனுக்குக் கண் திறந்த அன்று, பக்கத்தில் வைத்த டீயைச் சாயங்காலம்வரை சூடாகவே குடித்தேன்.

முதல் வேலை மல்லசமுத்திரம் பக்கம் மாரக்காள் தோட்டத்தில். கிணறு வற்றி, நூற்றிருபது தென்னையும் மட்டை தொங்கிப்போய் நின்றன. இன்னும் பத்து நாள் தாங்காது. அந்த நிலையிலும் அந்தம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, படத்தில் இருப்பது ஓணான் என்றே நினைத்துக் குழந்தைவேலைக் கேட்டார்.

"ஏன் சாமி, ஒடக்கானுக்கு எதுக்கு ரெக்கை?"

"ஒடக்கான் இல்லீங்கக்கா, டிராகன். இது தண்ணி, அது நெருப்பு."

"தண்ணி ஈசானி மூலையில இருக்குது, சரி. நெருப்பு அக்கினி மூலையில அல்ல இருக்கோணும்? அங்க போயி மண்ணை நிறுத்தி வெச்சிருக்கறீங்க."

வாஸ்து தப்பின வண்டி தன் நிலத்தில் குழி போடக் கூடாது என்றுவிட்டார். குழந்தைவேல் வண்டியை நான்கு தரம் திருப்பி நிறுத்தினார். நெருப்பை அக்கினி மூலையான தென்கிழக்குக்குக் கொண்டுவந்தால், தண்ணீர் ஈசானியை விட்டு வடமேற்குக்குப் போய்விடுகிறது. வேறு வழியில்லாமல் எனக்குப் போன் போட்டார்.

பிரஷோடு போய் இறங்கினேன். எழுதினதை அழிக்கக் கை வரவில்லை. அதனால் டிராகன்களிடம் நேரிலேயே பேசினேன். "கண்ணுகளா, நெருப்பும் நிலமும் மட்டும் இடம் மாறிக்குங்க." நிலம் கனத்த உடம்பு; நகர்ந்து முடிக்க அரை மணி நேரம் ஆனது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. நெருப்பு போகிற போக்கில் என் இடப்பக்க மீசையைப் பொசுக்கியது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம். மீசை வளர்ந்துவிட்டது, அது வேறு விஷயம்.

"இப்பத்தான் அதது அதனோட எடத்துல நிக்குது. ஓட்டுங்க" என்றார் மாரக்காள்.

எழுநூறு அடிவரை தண்ணீர் இல்லை, வெறும் கல்தூள் புகைதான். எல்லார் தலையும் மாவு மில்லில் இருந்து வந்ததுபோல வெளுத்துவிட்டது. மாரக்காள் தென்னையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பெயின்ட்டரே, உங்க ஒடக்கான் தூங்குதாட்ட இருக்குது."

நான் பிரஷை நனைத்து, நீர் டிராகனின் தாடைக்குக் கீழே லேசாகத் தடவினேன். அது தும்மியது. அந்தத் தும்மலில் தண்ணீர் தென்னை உயரத்துக்குக் கிளம்பியது. நூற்றிருபது மரமும் மட்டையைத் தூக்கி நிமிர்ந்தன. மேலே போன தண்ணீரோடு ஒரு கெண்டை மீனும் போய், திரும்பி வந்து அந்தம்மா குடத்தில் விழுந்தது.

மாரக்காள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். "ஒண்ணு கொழம்புக்குப் பத்தாதுங்களே. இன்னொருக்காத் தும்மச் சொல்லுங்க."

மாரக்காள் தோட்டத்துக்கு இன்றைக்கும் டேங்கர் லாரியில்தான் தண்ணீர் வருகிறது, அது வேறு விஷயம்.