மூலையில் பட்ட மட்டை

ஹார்லன் ஊரில் யாருக்குப் பல் வலித்தாலும் டானிஸின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு அவள் படம்: தேசிய ஐஸ் ஹாக்கி அணியின் சிவப்புச் சட்டை, கழுத்தில் பதக்கம், முன்பல் ஒன்று போன சிரிப்பு. படத்துக்கு நேர் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவள் ஜோலீன். வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் இவளைப் பார்ப்பார்கள். நீயும் அவளும் ஒன்றாக ஆடினவர்கள்தானே என்பார்கள். ஆமாம் என்பாள். அவள் எங்கேயோ போய்விட்டாள் இல்லையா என்பார்கள். அதற்கும் ஆமாம் என்பாள். பதினாறு வருஷமாக இதே இரண்டு ஆமாம்.

ஒன்றாக ஆடினவர்கள் என்றால் ஏழு வயதிலிருந்து. ஜோலீன் கொடுப்பாள், டானிஸ் அடிப்பாள். மூலையில் நாலு பேர் முட்டிக்கொண்டு கிடக்கும்போது கால்சந்தில் புகுந்து ரப்பர் வட்டை உருவி, திரும்பிக்கூடப் பார்க்காமல் தள்ளுவாள் ஜோலீன். அங்கே டானிஸ் நிற்பாள். பத்தொன்பது வயதில் இருவரும் தேசிய அணித் தேர்வு முகாமுக்குப் போனார்கள். டானிஸ் ஐந்து கோல் போட்டாள். அதில் நாலு ஜோலீன் கொடுத்தது. கடைசி நாள் கதவில் ஒட்டின பட்டியலில் டானிஸ் பெயர் மட்டும் இருந்தது. உனக்குக் கண் அருமையான கண், கால்தான் வேகம் போதாது என்று பயிற்சியாளர் ஜோலீனை உட்காரவைத்துச் சொன்னார். ஐந்நூறு மைல் காரில் திரும்பினார்கள். வழியெல்லாம் டானிஸ் அழுதாள், ஜோலீனுக்காக. பட்டியலைக்கூட மன்னித்துவிட்டாள் ஜோலீன். அந்த அழுகையை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

இந்த ஏப்ரலில் பெண்களின் உலகப் போட்டி ஹார்லனுக்கே வந்துவிட்டது. பத்து நாட்டுக் கொடிகள் அரங்கத்தில் தொங்கின. ஃபின்லாந்துப் பெண்கள் கடைகடையாக ரை தானிய ரொட்டி தேடினார்கள். செக் பெண்கள் தேவாலயக் கூடத்தில் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை தின்றுவிட்டு, எங்கள் ஊரில் இதைவிட நன்றாகச் செய்வோம் என்று சமைத்தவர்களிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் ஊர் வாயில் இருந்ததெல்லாம் ஒரே பேச்சு. முப்பத்தைந்து வயது டானிஸ், அணியின் கேப்டன், இதோடு ஆட்டத்தை விடுகிறாள். உலகப் போட்டிகளில் அவள் சேர்த்தது எண்பத்தாறு புள்ளி. நாட்டின் பழைய சாதனையும் எண்பத்தாறு. இன்னும் ஒன்றே ஒன்று. முடி வெட்டுகிறவரும் அதைத்தான் சொன்னார், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளும் அதைத்தான் சொன்னாள்.

அந்த ஒன்றை எழுத வேண்டிய மேசையில் ஜோலீன் இருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அங்கே சம்பளமில்லாத வேலை. பனித்தளத்தை ஒட்டினாற்போல் மேசை, கண்ணாடியில் ஒரு திறப்பு. கோல் விழுந்ததும் நடுவர் சறுக்கி வந்து எண்களைச் சொல்வார். அடித்தவளுக்கு ஒரு புள்ளி. அதற்கு முன்னால் வட்டைக் கடைசியாகத் தொட்டுக் கொடுத்த இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அசிஸ்ட், அதுவும் தலைக்கு ஒரு புள்ளி. தலைமைக் குறிப்பாளர் ஓரெஸ்ட் எழுதுவார். எழுபது வயதுக்காரர், சூரியகாந்தி விதையைக் கொறித்துக் கொறித்துக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே இருப்பார். நடுவர் கண்ணுக்குத் தப்பியது எதுவானாலும் ஜோலீனைத்தான் கேட்பார். ஜோலீன் பார்த்தேன் என்றால் பார்த்ததுதான், வீடியோ எல்லாம் அப்புறம் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

இறுதியாட்டம் அமெரிக்காவோடு. இரண்டுக்கு இரண்டு, ஆறு நிமிஷம் பாக்கி. மேசைக்குப் பக்கத்து மூலையில் பலகைச் சுவரோரம் மூன்று பேர் நசுங்கிக்கொண்டிருந்தார்கள், நடுவில் டானிஸ். சுவரை ஒட்டி வட்டு ஓடி வந்தது. டானிஸின் மட்டை நுனி எங்கிருந்தோ நீண்டு அதை லேசாகத் தட்டியது. வட்டு திரும்பி ஏழாம் எண்ணிடம் போனது; ஏழு பத்தொன்பதுக்குக் கொடுத்தாள்; பத்தொன்பது உள்ளே போட்டாள். ஆறாயிரம் பேரும் எழுந்தார்கள்.

நடுவர் திறப்பில் குனிந்து, பத்தொன்பது, அசிஸ்ட் ஏழு என்றார். வேறு யாரையும் தான் பார்க்கவில்லை என்றார். ஓரெஸ்ட் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஜோலீன் பக்கம் திரும்பினார்.

"மூலையில யாரும்மா? நான் வலையைப் பாத்துட்டு இருந்துட்டேன்."

ஜோலீன் முடிவெடுத்தாள் என்று சொல்ல முடியாது. வாய் முந்திக்கொண்டது.

"யாருமில்ல. சுவத்துல பட்டு வந்துச்சு."

"நிச்சயமா?"

"நான் எப்ப நிச்சயமில்லாம சொல்லியிருக்கேன்?"

ஒலிபெருக்கியில் இரண்டே பெயர் வந்தன. ஆரவாரத்துக்கு நடுவே அங்கங்கே ஒரு முனகல். பெஞ்சிலிருந்து டானிஸ் மேசைப் பக்கம் ஒரு தரம் திரும்பினாள். ஜோலீன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நெஞ்சுக்குள் குற்ற உணர்ச்சி வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது அதுவல்ல, பதினாறு வருஷமாக இறுக்கின செருப்பைக் கழற்றின மாதிரி ஒரு சுகம். படத்துக்குக் கீழே எண்பத்தாறு என்றே இருக்கட்டும். அவளுக்கும் கைக்கெட்டினது ஒன்று கிடைக்காமல் போகட்டும்.

ஆட்டம் அப்படியே முடிந்தது, மூன்றுக்கு இரண்டு. சிவப்புச் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டன. பதக்கத்துக்கு விரிப்பு உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்ட அறிக்கையில் ஓரெஸ்ட் கையெழுத்துப் போடும்வரை கேப்டன் வந்து புள்ளித் திருத்தம் கேட்கலாம். டானிஸ் நேரே மேசைக்குத்தான் சறுக்கி வந்தாள். வந்தாயா, வா என்று நினைத்தாள் ஜோலீன். கேள், என்னிடம் கெஞ்சிக் கேள்.

டானிஸ் ஓரெஸ்டிடம்தான் பேசினாள். மூன்றாவது கோலுக்கு இரண்டாவது அசிஸ்ட் காலியாக இருக்கிறதே, அது இருபத்திரண்டாம் எண் பிரின்னுக்குப் போக வேண்டியது, மூலையில் அவள் மட்டையில்தான் பட்டது என்றாள்.

"பத்தொம்பது வயசுப் பொண்ணு. போட்டி முழுக்க ஒரு புள்ளி கூட இல்ல. அவங்கம்மா கேலரில உக்காந்திருக்காங்க. எழுதிடுங்க, சார்."

ஓரெஸ்ட் ஜோலீனைப் பார்த்தார். ஜோலீனுக்குக் காது வரை சுட்டது. பிரின்னின் மட்டை வட்டுக்குக் கிட்டேயே இல்லை. தான் திருடி ஒளித்து வைத்ததை, இவள் தன் பையிலிருந்த காசு மாதிரி எடுத்துத் தானம் பண்ணுகிறாள். ஒரு புள்ளியைத் தூக்கிக் கொடுக்க முடிகிறது இவளால். போனால் போகட்டும் என்று.

"அவ தொடல," என்றாள் ஜோலீன்.

"தொட்டா, ஜோ. நான் பக்கத்துல இருந்தேன்."

"பிரின் மட்டை அப்போ இடுப்புக்கு மேல இருந்துச்சு. தட்டினது நீ."

ஓரெஸ்டின் வாயில் விதை நின்றது. டானிஸ் தலைக்கவசத்தைக் கழற்றிக் கண்ணாடித் திறப்பில் வைத்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"சரி, நான்தான். மட்டையில பட்டது எனக்குத் தெரியாதா? ரெண்டு பேரைத்தான் அறிவிச்சாங்க, உடனே உன்னைப் பாத்தேன். நீ கீழ பாத்துட்டு இருந்த." குரலைத் தாழ்த்தினாள். "உன் கண்ணுல படல போலன்னு விட்டுட்டேன். அந்தக் கூட்டத்துல யாருக்குத்தான் தெரியும்? பரவால்லடி."

மறுபடியும் அதே குரல், காரில் அழுத குரல்.

"என் கண்ணுல படலயா?" என்றாள் ஜோலீன். "உன் மட்டை எங்க போகும்னு உனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஏழு வயசுலேர்ந்து பாக்கறேன். எல்லாம் பட்டுச்சு. பாத்துட்டுத்தான் சொல்லல."

டானிஸ் தலைக்கவசத்தை எடுக்கக் கை நீட்டினாள். ஜோலீன் நிறுத்தவில்லை.

"உன்னோடதை நீயே வச்சுக்கோ. தானம் பண்ணிட்டு நல்ல பேர் வேற வாங்கிட்டுப் போகாத."

மேசைத் திரையில் அந்த இடத்தை ஓடவிட்டாள். மூலையில் முதுகுகள்தான் தெரிந்தன, டானிஸின் மட்டை தெரியவில்லை. ஆனால் வட்டு சுவரை விட்டு விலகித் திரும்புகிற இடத்தில் விரலை வைத்தாள். தானாக வந்த வட்டென்றால் சுவரோடேயே ஓடியிருக்க வேண்டும். பிரின்னின் மட்டை மேலே இருப்பதையும் காட்டினாள். ஓரெஸ்ட் இரண்டு தரம் பார்த்தார், நடுவரைக் கூப்பிட்டுக் காட்டினார். நடுவர் தலையசைத்தார்.

அறிவிப்பு வந்தபோது விரிப்பின்மேல் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். மூன்றாவது கோல், திருத்தம், இரண்டாவது அசிஸ்ட் டானிஸ். அரங்கம் ஒரு கணம் மூச்சை இழுத்தது. பிறகு கூரை அதிர்ந்தது. பிரின்தான் முதலில் ஓடி வந்து அவள்மேல் விழுந்தாள். டானிஸ் போகும்போது திறப்பைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை. ஜோலீன் கேட்க முயலவும் இல்லை. ஆறாயிரம் பேரில் தன் அப்பாவும் எழுந்து நின்று கை தட்டுவது தெரிந்தது. வயிறு எரிந்தது. கொடுத்த பிறகும் எரியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஓரெஸ்ட் அவளைப் பார்க்காமலே படிவத்தை இழுத்தார். திருத்தத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. கவனிக்கத் தவறியது என்று எழுதினார்.

"இது போதும்மா. யாரும் கேக்க மாட்டாங்க. அடுத்த சீசனும் நீ இங்கதான் உக்காரணும்."

ஜோலீன் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அந்த இரண்டு வார்த்தையையும் ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில், பார்த்தேன், சொல்லவில்லை என்று எழுதினாள். கீழே தன் முழுப்பெயரையும் தெளிவாக எழுதி, படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள்.