கைராசியும் காந்தப் பட்டையும்

கைராசி என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் எதிரே வந்திருந்தால் முள்ளக்கா அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். கடிகாரக் கடையில் பதினான்கு வருஷமாக முட்களோடு மல்லுக்கட்டுவதால் அவளுக்கு அந்தப் பெயர். ஜன்னலோரம் வெளிச்சம் விழும் நாற்காலி அவளுடையது. இப்போது அதற்குத்தான் ஆபத்து.

ஒரு மாதமாக அவள் பழுது பார்த்த கைக்கடிகாரங்கள் திரும்பித் திரும்பி வந்தன. ஒன்றுகூட நின்று போகவில்லை, தலைதெறிக்க ஓடின. அன்று வந்தது நர்ஸம்மாவின் வாட்ச். நாள்தோறும் கால் மணி முந்துகிறதாம். டியூட்டிக்கு முன்னாடியே போய் நிற்கிறாளாம். வாசல் காவலாளிகூடச் சிரிக்கிறானாம்.

முதலாளி முள்ளக்காவின் எதிரிலேயே நர்ஸம்மாவிடம் சொன்னார்: "இந்தம்மா கைராசி சரியில்லைங்க. அடுத்த வாரத்துலேருந்து அந்த நாற்காலியில நம்ம மச்சான் உட்காருவாரு."

முள்ளக்காவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. பதினான்கு வருஷம் கண்ணைக் கொடுத்துச் செய்த வேலைக்கு ராசி என்று ஒரு பெயரா? மச்சான் இந்தக் கடைக்குச் செய்தது ஒன்றே ஒன்று. போன மாதம் அவள் மேஜைக்கு மேலே சுவரில் நீளமாக ஒரு காந்தப் பட்டையை அடித்தார். கருவிகள் சிதறாமல் அதில் ஒட்டி நின்றன. பார்க்க அழகுதான்.

பல்லைக் கடித்துக்கொண்டு நர்ஸம்மாவின் வாட்சைத் திறந்தாள். கடுகளவு திருகாணி ஒன்றை இடுக்கியால் எடுத்தாள். வைக்கப் போனால் அது இடுக்கியை விட்டு விழவில்லை. உதறினாள், ஊதினாள், எண்ணெய்ப் பிசுக்கோ என்று துடைத்தாள். இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை மாதிரி அது தொங்கியது. மெல்ல நிமிர்ந்து பட்டையைப் பார்த்தாள்.

இரும்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத குட்டிக் காந்தங்கள் கோடி உண்டு, கண்ணுகளா. சும்மா கிடக்கையில் சந்தைக் கூட்டம்போல ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கும். ஒன்றின் இழுப்பை மற்றொன்று அடித்துவிடும். பெரிய காந்தம் பக்கத்தில் வந்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். அது விலகியதும் மெத்தென்ற இரும்பு மறந்துவிடும். எஃகு மறக்காது. அவள் இடுக்கி எஃகு. அது தொட்ட வாட்சுக்குள்ளும் காந்தம் ஏறிவிட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தாள்: முடிபோன்ற சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒட்டினால் வில் குட்டை. குட்டையானால் ஓட்டம் அதிகம்.

முதலாளியிடம் சொன்னாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் சிரித்தார். மச்சானும் சேர்ந்து சிரித்தார்.

"முதலாளி, உங்க வாட்சை நான் என்னைக்காவது தொட்டிருக்கேனா?"

"உன் கையில குடுப்பேனாம்மா?" என்றார் பெருமையாக.

"அப்ப மணி என்னன்னு சொல்லுங்க."

பதினொன்று இருபது என்றார். சுவர்க் கடிகாரம் பதினொன்று எட்டு காட்டியது. கை கழுவப் போகும்போதெல்லாம் அவர் தன் வாட்சைக் கழற்றி அந்தப் பட்டைமேல்தான் வைப்பார். ஒரு மாதமாக எல்லாரையும் லேட் லேட் என்று வைதுகொண்டிருந்ததும் அந்த வாட்சைப் பார்த்துத்தான்.

முள்ளக்கா டிராயரிலிருந்து திசைகாட்டியை எடுத்து அவர் மணிக்கட்டருகே நீட்டினாள். வடக்கு பார்த்திருந்த முள் துடித்துத் திரும்பி வாட்சைக் காட்டியது.

மச்சான் டீ குடிக்கப் போய்விட்டார்.

"சரி, விடும்மா. பட்டையைக் கழட்டிடலாம்," என்றார் முதலாளி. காந்தம் இறக்கும் கம்பிச்சுருளைப் பரணிலிருந்து அவரே எடுத்துத் தந்தார். மின்சாரம் போட்டு, நர்ஸம்மாவின் வாட்சை அதற்குள் விட்டு மெல்ல மெல்ல வெளியே இழுத்தாள். உள்ளே ஒரே பக்கம் பார்த்து நின்றதெல்லாம் மறுபடி கலைந்தது. இடுக்கிக்கும் அப்படியே செய்தாள். திருகாணி சமர்த்தாக விழுந்தது.

முதலாளி தன் வாட்சையும் கழற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"முதல்ல நர்ஸம்மாவுக்கு போன் போடுங்க."

போட்டார். ஏதோ சின்னக் கோளாறு என்று இழுத்தார்.

"கோளாறு இல்ல," என்றாள் முள்ளக்கா, தன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே. "பட்டைன்னு சொல்லுங்க. யாரு அடிச்ச பட்டைன்னும் சொல்லுங்க."