ஆறு புள்ளி எட்டு

டிசம்பர் பிறந்தால் யாங்கோனில் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வெளியே வருவார்கள். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்த ஊரில் விடியற்காலைக் காற்று லேசாகக் குளிர்ந்து, மாவ்பி போகும் சாலையில் பனி தொங்கும் அந்த இரண்டரை மாதத்துக்காகத்தான் அவர்கள் வருஷம் முழுக்க டயருக்குக் காற்றடித்து வைத்திருப்பது. தேவராஜ் மட்டும் டிசம்பர் முதல் தேதியன்று தன் சைக்கிளை லான்மடாவ் பேட்டை வீட்டின் ஐந்தாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஹாலில் ஓர் இரும்பு ஸ்டாண்டில் பூட்டிவிடுவார்.

காரணம், அவருடைய பயிற்சித் திட்டம் பெல்ஜியத்தில் எழுதப்பட்டது. குளிர்காலத்தில் சாலையெல்லாம் உறைந்து கிடக்கும், ஆகவே வீரன் வீட்டுக்குள்ளேயே மிதித்து அடித்தளம் போட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. உறையாத சாலையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எனவே ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜாலியாகச் சுற்றும்போது, தேவராஜ் ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறிக்குக் கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து, வியர்வை சொட்டச் சொட்ட ஹாலிலிருந்து ஹாலுக்கே நாற்பது கிலோமீட்டர் போய் வருவார்.

வயது நாற்பத்தேழு. கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் சரக்குக் காகிதம் பார்க்கிற வேலை. இதுவரை கலந்துகொண்ட பந்தயங்கள் இரண்டு. ஒன்றில் வழி தவறிவிட்டது, இன்னொன்று மழையால் பாதியில் நின்றது. இருந்தாலும் "ஆஃப் சீசன்" என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது, மற்ற ஒன்பது மாதமும் கோப்பைகளை அடுக்கி வைக்க இடமில்லாமல் தவித்தவர் மாதிரி இருக்கும்.

அவருடைய பெருமை முழுவதும் ஓர் எண்ணில் அடங்கியிருந்தது. உலகப் பந்தயச் சட்டப்படி சைக்கிள் ஆறு புள்ளி எட்டு கிலோவுக்குக் குறையக் கூடாது. தேவராஜின் சைக்கிள் சரியாக ஆறு புள்ளி எட்டு. கீழ்த்தளத்தில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்யும் தோ மியா சின் அம்மாளின் பெரிய தொங்கு தராசில் மாட்டி, முள்ளைத் தன் கண்ணாலேயே பார்த்தவர். அன்றிலிருந்து சைக்கிளை வேறு யாரும் தொடக் கூடாது.

திட்டத்தின் கடைசிப் பக்கத்தில், ஓய்வுக் காலத்தில் வீரன் மனத்துக்கு இதமான பொழுதுபோக்கு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது என்றும், எழுதியவர் தாமே வீட்டில் பீர் காய்ச்சுவதாகவும் இருந்தது. தேவராஜ் இதையும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டார். பாங்காக்கிலிருந்து வந்த நண்பரிடம் மால்ட்டும் ஈஸ்ட்டும் வரவழைத்தார். குடிதண்ணீர் வாங்கும் இருபது லிட்டர் ஜாடியே பீப்பாய் ஆனது. மூன்று வாரம் புளிக்க வைத்து, கடைசியில் நுரைக்காகச் சர்க்கரை சேர்த்து, பழைய பீர் பாட்டில்கள் முப்பதில் அடைத்து மூடி அழுத்தினார். சர்க்கரை நூற்று நாற்பது கிராம், ஒரு கிராம் கூடக் கூடாது. அதற்கும் தோ மியா சின் கடைக்கே போய், கல்லாப் பக்கத்திலிருந்த சின்னத் தராசில், கோட்டுக்குப் பத்து கிராம் என்று, முள் பதினாலாவது கோட்டில் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி நிறுத்தார்.

வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் சாமி அலமாரிக்குக் கீழே இருந்தது. பாட்டில்கள் அங்கே போய் உட்கார்ந்தன. "முருகனுக்கே காவல் வேலை குடுத்துட்டீங்க" என்று அவர் மனைவி மஞ்சுளா சொன்னாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவளுக்குச் சொற்கள் வீணாவது பிடிக்காமல் போயிருந்தது.

பன்னிரண்டாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முதல் பாட்டில் வெடித்தது.

வேறு ஊராக இருந்தால் அது ஒரு பாட்டில் உடைந்த சத்தம். யாங்கோனில், ராணுவம் ஆளும் இந்த வருஷங்களில், அப்படி ஒரு சத்தம் கேட்டால் குண்டாகத்தான் இருக்கும் என்று தெரு முதலில் மௌனமாகும். கீழே பூ விற்கிறவளின் கூவல் பாதியில் நின்றது. எங்கோ ஒரு ஷட்டர் சரசரவென்று இறங்கியது. நாலாம் மாடியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை யாரோ நிறுத்தினார்கள். ஸ்டாண்டில் மிதித்துக்கொண்டிருந்த தேவராஜின் கால்கள் தாமாகவே இன்னும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றன.

மஞ்சுளா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சாமி அலமாரிக்குக் கீழே நுரை ஊர்ந்து வந்தது. கண்ணாடிச் சில்லு ஒன்று முருகன் படத்துச் சட்டத்தில் குத்தி நின்றது.

கைப்பேசி கிணுகிணுத்தது. கட்டடத்துக்காரர்களின் குழுவில் ஒரே கேள்வி: சத்தம் எங்கே? மஞ்சுளா ஈரக் கையோடு பர்மியத்தில் பதில் போட்டாள். "எங்க வீட்டு குக்கர்."

"இதுக்கு வாய்ப்பே இல்ல" என்றார் தேவராஜ். "கணக்கு சரியா இருக்கு. அந்த ஒரு பாட்டில்ல ஏதோ கோளாறு."

"அப்ப மத்தது வெடிக்காதுல்ல?"

தேவராஜ் துடைப்பத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அன்றைக்குக் குடும்பப் பட்டியல் பார்க்க வார்டு தலைவர் வருகிறார் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். பத்து மணி என்றால் பத்து. பட்டியலில் உள்ளவர்கள் வீட்டில் இருக்கிறார்களா, இல்லாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார். கூடவே இரண்டு பேர் வருவார்கள். அந்த இரண்டு பேரும் பேச மாட்டார்கள்.

படியில் டக் டக்கென்று சைக்கிள் ஷூ சத்தம். இக்பால் வந்தார். லத்தாவில் மின்சாமான் கடை வைத்திருப்பவர், சைக்கிள் சங்கத்தின் செயலாளர். மாவ்பி வரை போய்த் திரும்பிய முகத்தில் காற்றின் சிவப்பு இன்னும் இருந்தது. ஞாயிறு தோறும் இங்கே ஏறி ஒரு டீ குடித்து, நாலு வார்த்தை குத்திவிட்டுப் போவது அவருக்கு வழக்கம்.

"என்னா கோ தேவா, பெல்ஜியத்துல பனி எப்படி?" என்று, அண்ணனுக்குப் பர்மியர் போடும் 'கோ'வைப் போட்டுக் கேட்டவர் தரையைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார். "கீழ கேட்ட சத்தம் இதுதானா?"

"பாய், ஒண்ணுமில்ல. சின்ன சமாச்சாரம்."

"நான் அஞ்சு மாடி ஓடி வந்திருக்கேன். தெருவுல பாதிப் பேர் படுத்துட்டாங்க. சின்ன சமாச்சாரங்கிறீங்க."

கண்ணாடிச் சில்லுகள் டயருக்கடியில் கிடந்தன. தேவராஜ் தடுப்பதற்குள் இக்பால் ஸ்டாண்டின் பூட்டைத் தட்டிவிட்டு சைக்கிளைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். மெதுவாக இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"இது எத்தனைன்னு சொன்னீங்க?"

"ஆறு புள்ளி எட்டு."

"என்னோடது ஒம்பது. இது என்னுதைவிட கனமா இருக்கே."

"அதெல்லாம் பழக்கம் பாய். தூக்கற கோணம் ஒண்ணு இருக்கு."

"கோணத்துல ரெண்டு கிலோ வராது கோ தேவா. எதுல நிறுத்தீங்க?"

"தோ மியா சின் தராசுல. புதுத் தராசு."

துடைப்பத்தோடு குனிந்திருந்த மஞ்சுளா நிமிர்ந்தாள். "அது வீசை."

இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"மொளகாய யாருங்க கிலோவுல நிறுப்பாங்க? அந்தக் கடையில பெருசு, சின்னது ரெண்டுமே வீசைத் தராசுதான். நான் வாரா வாரம் வாங்கறேன்."

இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ச் சோற்றைத் தின்று, நாற்பத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கடைக்குப் போய் மிளகாய் வாங்காத ஒருவருக்கு மட்டுமே நேரக்கூடிய தவறு அது. ஒரு பர்மிய வீசை ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். இக்பால் கூரையைப் பார்த்தபடி விரலை மடக்கினார். "பதினோரு கிலோ வருது. என் பொண்டாட்டி காய்கறி வாங்கப் போற சைக்கிள் பன்னெண்டு."

வேறொரு நாளாக இருந்தால் தேவராஜ் அந்த இடத்திலேயே செத்துப் போயிருப்பார். ஆனால் அதற்கு நேரமில்லை. அவர் மனம் பெரிய தராசை விட்டுச் சின்னத் தராசுக்குப் போயிருந்தது. ஒரு கோடு பத்து கிராம் இல்லை, வீசையில் நூறில் ஒரு பங்கு; அப்படிப் பதினாலு கோடு. கப்பல் காகிதங்களில் டன் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றும் மூளை இப்போது ஒரு கைப்பிடிச் சர்க்கரைக்குத் திக்கித் திணறியது. இருநூற்று இருபத்தெட்டு கிராம். முப்பது பாட்டிலிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் சர்க்கரை.

"எல்லாமே வெடிக்கும்" என்றார். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "ஒண்ணொண்ணா."

மஞ்சுளா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது இருபது.

ஒரே வழி, மூடியைத் திறந்து காற்றை வெளியேற்றுவது. அதுவும் கையில் பிடித்திருக்கும்போது வெடிக்காமல் இருக்க வேண்டும். தேவராஜ் ஹெல்மெட்டை மாட்டினார். காற்றுக்கான கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். குளிர்காலச் சவாரிக்கென்று வரவழைத்து, யாங்கோனில் ஒரு தடவையும் போட வழியில்லாத தடித்த கையுறையையும் மாட்டினார். இக்பாலும் தன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"நான் பாட்டில தொட மாட்டேன்" என்றார். "ஈரத் துண்டப் போட்டு மூடறேன். மூடற வரைக்கும் ஹராம் இல்லன்னு நெனைக்கிறேன். வீட்டுக்குப் போய் யோசிச்சுக்கறேன்."

இக்பால் துண்டைப் போட, தேவராஜ் ஒவ்வொரு பாட்டிலாகத் தொட்டில் குழந்தை மாதிரி சுற்றிக் குளியலறைக்குக் கொண்டுபோனார், இக்பால் பின்னாலேயே. மூடி நெம்பியதும் உஸ்ஸென்று ஒரு மூச்சு. பிறகு வெள்ளை நுரை கூரை வரை எழும்பி இருவர் மேலும் விழுந்தது. ஐந்தாவது பாட்டிலிலேயே பழைய ரொட்டியும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை கட்டடத்தின் கழிவுக் குழாய் வழியாக இறங்கத் தொடங்கியது. பதினேழாவது, தேவராஜ் துண்டோடு எடுத்து வாளிக்குள் வைத்த மறுகணம் வெடித்தது. வாளி சத்தத்தை விழுங்கிக்கொண்டது. ஆனாலும் எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

"குக்கர்" என்று மஞ்சுளா மறுபடி எழுதினாள். கொஞ்சம் யோசித்து, "ரெண்டாவது குக்கர்" என்று திருத்தினாள்.

மூன்று பாட்டில்கள் மீதியிருக்கும்போது படியில் காலடிகள் கேட்டன. ஷூ சத்தம் இரண்டு, செருப்புச் சத்தம் ஒன்று.

வார்டு தலைவர் அறுபதைத் தாண்டியவர். சுத்தமான லோஞ்சிக் கைலி, கையில் நீளமான நோட்டு. ஐந்து மாடி ஏறிய மூச்சு அடங்கும்வரை வாசலில் நின்றார். கூட வந்த இருவரும் அவருக்குப் பின்னால், படியில் நின்றார்கள். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் கையுறையுமாகத் தலை முதல் கால் வரை நனைந்து நிற்கும் இரண்டு ஆண்களை அவர் பார்த்தார். நேரே வந்து, சாமி அலமாரிக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியின் காலுக்கும் மீதி மூன்று பாட்டிலுக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி.

"கோ தேவராஜ், ரெண்டு பேர்" என்று பர்மியத்தில் படித்தார். இக்பாலைக் காட்டினார். "இவர் பட்டியல்ல இல்ல."

"சைக்கிள் நண்பருங்க. டீ குடிக்க வந்தாரு."

"டீ." தலைவர் மூக்கை உறிஞ்சினார். "சத்தம் கேட்டதுன்னாங்க. ரெண்டு தடவை."

தேவராஜ் வாயைத் திறந்தார். பயம் வந்தால் அவருக்குப் பெரிய பெரிய சொற்களாக வரும். "அது வந்துங்க, வேதியியல்படி பார்த்தா, அடைபட்ட பாட்டிலுக்குள்ள சர்க்கரை நொதிச்சு வாயு உண்டாகி, அழுத்தம் ஒரு கட்டத்துல..."

படியிலிருந்த இருவரில் ஒருவன் தோளிலிருந்த துப்பாக்கி வாரை முன்னால் இழுத்துக்கொண்டான்.

மஞ்சுளா கண்ணை மூடிக்கொண்டாள். தலைவர் நோட்டை மூடினார். "நீங்களே செஞ்சதா? எத்தனை?"

"முப்பது" என்று தேவராஜ் உண்மையைச் சொன்னார். சொன்ன பிறகுதான் அது வெடிகுண்டுக் கணக்கு மாதிரி ஒலித்தது அவருக்கே உறைத்தது.

நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில், ஒரு பாட்டிலின் மூடியோரம் மெல்லிசாகச் சீறியது. அதைத் தேவராஜ் மட்டும் கேட்டார். தலைவர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். செருப்பு நுனி பாட்டிலைத் தொட்டுத் தொட்டு விலகியது. பேசாமலிருந்தால் இன்னும் ஒரு நிமிஷத்தில் வார்டு தலைவரின் காலடியில் வெடிக்கும். அதற்கப்புறம் எந்த விளக்கமும் யார் காதிலும் ஏறாது.

"தயவு பண்ணி எந்திரிங்க" என்றார் தேவராஜ். "அது பீருங்க. நானே காய்ச்சினது. எனக்குத் தராசு பார்க்கத் தெரியல. வீசையக் கிலோன்னு நெனச்சு சர்க்கரையக் கூடப் போட்டுட்டேன். சைக்கிளையும் அப்படித்தான் நிறுத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எந்திரிங்க."

நாற்பத்தேழு வருஷத்தில் அவர் பேசிய மிக எளிமையான பேச்சு அதுதான். மஞ்சுளா அவரைப் புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

தலைவர் எழுந்து வாசலுக்குப் போய், திரும்பி நின்றார். "வீசைய?"

"கிலோன்னு" என்றாள் மஞ்சுளா. "இவரு கடைக்கே போறதில்லீங்க."

"பீர்னா தொறந்து காட்டுங்க."

தேவராஜ் ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றினார். எல்லோரும் இரண்டு படி இறங்கி நின்றார்கள். மூடி நெம்பினார். சீறல். பொங்கிய நுரை கை வழியாக முழங்கைக்கு இறங்கியது. படியிலிருந்து யாரோ மூச்சு விட்டார்கள். அடுத்ததும் அப்படியே அடங்கியது. மூன்றாவது திறந்தபோது பாதி பாட்டிலில் பழுப்பாகத் திரவம் தங்கியது.

தலைவர் அதைத் தூரத்திலிருந்தே உற்றுப் பார்த்தார். "பீர் இந்த நெறத்துலயா இருக்கும்?"

"இது பெல்ஜியம் வகைங்க. அங்கல்லாம்..." என்று தேவராஜ் தொடங்கிவிட்டு நிறுத்தினார்.

"குடிங்க" என்றார் தலைவர்.

மஞ்சுளா கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். தேவராஜ் அதுவரை தன் பீரை ருசி பார்த்ததில்லை. இரண்டாவது வாரமே அதன் எலுமிச்சை நறுமணம் பற்றி முகநூலில் ஒரு பக்கம் எழுதியிருந்தார். இப்போது ஐந்து ஜோடிக் கண்கள் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தன. முகம் கோணினால், இது குடிக்கிற பொருள் இல்லை என்று ஆகும். குடிக்கிற பொருள் இல்லை என்றால் வேறென்ன என்று கேட்பார்கள். அவர் கண்ணை மூடாமல், கண்ணாடித் துகள் இருக்கக் கூடாதே என்று பயந்துகொண்டு, ஈரச் சாக்கை அப்படியே விழுங்கினார். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குங்க" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. இக்பால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின.

தலைவர் நோட்டைப் பிரித்து ஏதோ எழுதினார். பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு வசதியாக உட்கார்ந்தார்.

"அப்ப பாட்டில்ல மீதி இருக்கறதையும் குடிச்சுடுங்க" என்றார். "நான் இருக்கேன்."