கடைக் கார்பன்

கடிதம் வந்த சனிக்கிழமை நான் தலையணை உறையில் மல்லிக்கொடி வரைந்துகொண்டிருந்தேன். தபால்காரர் போட்டுவிட்டுப் போன நீள பேங்க் கவரைப் பிரித்து இரண்டு தடவை படித்த என் வீட்டுக்காரர் லாசரஸ், எழுந்துபோய் பீரோவைத் திறந்து பார்த்தார். கிரெடிட் கார்டு அதன் இடத்தில்தான் இருந்தது.

"ரத்தினா, பதினாலாம் தேதி தி.நகர் போனியா?"

"நான் எதுக்குங்க போறேன்?"

"ரெண்டு வாட்ச் வாங்கியிருக்கு. மூவாயிரத்து அறுநூறு."

யார் வாங்கியது என்பதை அவர் சொல்லாமல் விட்டதை நான் கவனித்தேன்.

இது தொண்ணூற்றாறில் நடந்தது. அன்றைய கார்டு உங்கள் கார்டு போல இல்லை, கண்ணுங்களா. கடையில் அதை ஓர் இரும்புத் தட்டில் வைத்து, மேலே மூன்று தாள் சீட்டைப் போட்டு, பிடியை இழுத்து ஒரு தேய் தேய்ப்பார்கள். எழும்பி நிற்கும் எண்ணும் பெயரும் இடையிலிருக்கும் கார்பன் வழியாகத் தாள்களில் பதியும். கீழே கையெழுத்துப் போட்டால் அதுவும் பதியும், சாமான் நம்முடையது. கிண்டியில் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்குப் பார்த்த இவருக்குக் கம்பெனி மூலமாகக் கிடைத்த கார்டு அது. தாம்பரத்தில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கிடையாது.

இவர் எழுதிக் கேட்டு, பத்து நாளில் பேங்க் அந்த வாட்ச் சீட்டின் நகலை அனுப்பியது. கடையில் மெஷின் ரிப்பேர் என்று எண்ணைக் கையாலேயே எழுதியிருந்தார்கள். அப்படியென்றால் கார்டே தேவைப்பட்டிருக்காது, எண் தெரிந்தால் போதும். ஆனால் கையெழுத்து? இவர் கையெழுத்துப் போட்டு அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பார். நகலிலும் கோடு இருந்தது. இரண்டு புள்ளியும் இருந்தன.

"வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் இது தெரியும்" என்றார். சுவர் ஆணியில் தொங்கும் பீரோச் சாவி அன்றிலிருந்து அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

வீட்டில் மூன்றே பேர். மூன்றாவது ஆள் என் தம்பி தேவானந்தம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடி ஒரு வருஷமாக எங்களோடு இருந்தான். ஒருமுறை பதிவுத் தபால் வந்தபோது, இவர் ஆபீசில் இருந்ததால், இவர் கையெழுத்தை அவனே போட்டு வாங்கி வைத்தான். "அச்சா அத்தான் மாதிரியே இருக்குல்ல?" என்று என்னிடம் காட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நெஞ்சில் வேறு மாதிரி வந்து உட்கார்ந்தது. அவன் வேலை கேட்டு அடிக்கடி டவுனுக்குப் போவான். பதினாலாம் தேதி எங்கே போனான்? சாம்பாரை ஊற்றும்போதெல்லாம் என் கண் அவன் மணிக்கட்டுக்குப் போயிற்று. வெறும் மணிக்கட்டு. விற்றிருப்பானோ?

ஒரு நாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் அவன் தகரப் பெட்டியைத் திறந்தேன். சட்டை, சர்டிபிகேட், அம்மா போட்டோ, பாதி தீர்ந்த பவுடர் டப்பா. சட்டைகளின் நடுவில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஈரக்கால் சத்தம் கேட்டது.

"கெடைச்சுதாக்கா?"

சோப்பு எடுக்க வந்திருந்தான். நான் துவைக்கிற துணியைத் தேடினேன் என்று ஏதோ உளறினேன். அவன் சோப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் ஆள் கேட்கிறார்கள், தங்க இடமும் உண்டு என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. போகாதே என்று நானும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல எம்பிராய்டரி கற்றுக்கொள்ள ஏழு பெண்கள் வந்தார்கள். சர்ச் விற்பனைக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தோம். பூப்போட்ட தாளைத் துணிமேல் வைத்து, நடுவில் கார்பனைச் செருகி, பென்சிலால் அழுத்தி வரைவதுதான் முதல் வேலை. பக்கத்துத் தெரு பட்டு கையை நீட்டினாள்.

"அக்கா, கட கார்பன் கீதா? இந்த ஆபீஸ் கார்பனோட ஒரே பேஜாரு. துணியெல்லாம் மை."

கடைக் கார்பன் என்று நாங்கள் சொன்னது, இவர் கார்டு தேய்க்கும் கடைகளிலிருந்து எடுத்து வருவது. மற்றவர்கள் அதைக் கிழித்துப் போடச் சொல்வார்களாம். இவர், "ஒரு தடவைதானே அழுத்தியிருக்கு, வீணாக்காதப்பா" என்று கேட்டு வாங்கி, மடிப்பு விழாமல் டயரிக்குள் வைத்து எனக்காகக் கொண்டுவருவார். நான் இரண்டு பூ வரைந்துவிட்டு, கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

கார்பன் வைக்கும் டப்பாவில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எடுத்துக் கொடுக்கும்போது ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்தது. கறுப்புத் தாளில், மை போன இடமெல்லாம் வெளிச்சமாக, பதினாறு எண்கள். கீழே ஏ. லாசரஸ். ஒரு கோடு. இரண்டு புள்ளி.

"இன்னாக்கா, குடுக்காம புட்ச்சிகினு கீற?" என்றாள் பட்டு.

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வருஷமாக எத்தனை தாள், எந்தக் கைக்கு, அங்கிருந்து எந்தக் கைக்கு? கிழிஞ்சிபோச்சு என்று சொல்லி அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர்கள் குனிந்து வரைய வரைய, பதினாலு மணிக்கட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருக்கிறதா இது, சொல்லுங்கள். ஆனால் பார்த்தேன்.

இவரிடம் காட்டினேன். கார்பனை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "நாளைக்கே பேங்குக்கு எழுதறேன்" என்றார். பிறகு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு, "நீ போய் அவனைக் கூட்டிட்டு வா" என்றார்.

பல்லாவரம் போய் பஸ் மாறித் திருமுடிவாக்கம் போனேன். தேவா பட்டறைக்குப் பின்னால் தகர ஷெட்டுக்கு அழைத்துப் போனான். கார்பனைக் கொடுத்தேன். கதவுப் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். விரலில் ஏற்கெனவே கிரீஸ், அதன்மேல் இந்த மை.

"அத்தான் கையெழுத்துதான்" என்றான்.

"வீட்டுக்கு வாடா. அவரே கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"ஷிப்ட் இருக்குக்கா."

"என்மேல கோவமா?"

"அத்தானுக்கு என்னைத் தெரியாது, பரவால்ல" என்றான். பிறகு கார்பனை மடித்து என் கையில் வைத்து, "வெயில்ல வந்திருக்க, இரு, ஒரு கலர் சோடா வாங்கிட்டு வரேன்" என்றான்.

காசு எடுக்கக் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தான். அதே தகரப் பெட்டி. அதில் ஒரு புதுப் பூட்டு தொங்கியது. அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பத்து ரூபாயை எடுத்தான். மூடினான். பூட்டினான். எழுந்து வாசல்வரை போனவன் திரும்பி வந்து குனிந்து, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.