தரை காய்ந்த வீடு

மேல் வீட்டுத் தையல்காரி தனிக்கட்டை. கணவன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் கடல் தாண்டிப் போய்விட்டாள். துணி தைக்கக் கொடுப்பவர்களும் சரிவில் ஏறச் சோம்பல்பட்டு அடிவாரக் கடையிலேயே பையை வைத்துவிட்டுப் போவார்கள். மழை பெய்தால் மட்டும் அவளைத் தேடி ஓர் ஆள் வரும். கீழ் வீட்டு டீச்சர்.

வருவது சண்டைக்குத்தான். மேல் வீட்டுச் சரிவில் விழுகிற மழையெல்லாம் நேரே டீச்சரின் அடுப்படிக்குள் புகுந்துவிடும். சேற்றுக் காலோடு மூச்சு வாங்க ஏறி வந்து, "அக்கா, உங்க வீட்டுத் தண்ணிய நீங்களே வச்சுக்கக் கூடாதா?" என்று ஆரம்பிப்பாள். என்ன திட்டினாலும் அந்த 'அக்கா' மட்டும் விட்டுப்போகாது. திட்டி ஓய்ந்ததும் தேநீர் குடிப்பாள். பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். ஊரே வெயிலுக்கு ஏங்கும்போது தையல்காரி ஒருத்தி மழைக்கு ஏங்கினாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் உண்மை அதுதான்.

போன மழையில் டீச்சர் உட்காரக்கூட இல்லை. "என்னால முடியலக்கா. வீட்ட வித்துட்டு மகன்கிட்டயே போயிடுறேன்" என்றாள்.

தையல்காரி மறுநாளே நர்சரிக்குப் போய் யோசனை கேட்டாள். கோடை முழுக்க மண்வெட்டியும் கையுமாக நின்றாள். சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் வரப்பாக அணைத்து, வரப்பின் மேல் வெட்டிவேர் நாற்றை நெருக்கி நட்டால் தண்ணீர் ஓடாமல் நின்று மண்ணுக்குள் இறங்கும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். கைப்பழக்கம் விடுமா? முதல் வாய்க்காலை, துணியில் சாக்பீஸ் கோடு போடுகிற மாதிரி, நேராக வெட்டிவிட்டாள். கோடு நேர்தான், மட்டம் இல்லை. குடத்துத் தண்ணீரை ஊற்றியதும் அத்தனையும் ஒரு மூலைக்கு ஓடி வரப்பை உடைத்தது. தலையில் அடித்துக்கொண்டு, கொத்தனார்கள் செய்வதுபோல டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து, மலை வளைகிறபடியே வளைத்து மறுபடி வெட்டினாள். இடுப்பு ஒடிந்தது. டீச்சர் போகாமல் இருந்தால் சரி.

மழை கொட்டித் தீர்த்தது. ஒரு சொட்டு கீழே இறங்காமல் மண்ணே குடித்துக்கொண்டது. தையல்காரி வாசலையே பார்த்திருந்தாள். யாரும் வரவில்லை. அடுத்த மழைக்கும் வரவில்லை. தண்ணீர் போகாதபோது டீச்சர் எதற்கு வருவாள் என்பது அப்போதுதான் உறைத்தது. மண்வெட்டியோடு வரப்பருகே போய் நின்றாள். ஒரே வெட்டு போதும். மனம் வரவில்லை. மழை விட்டதும் தானே இறங்கிப் போனாள்.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"வாங்கக்கா. நானே வந்து சொல்லணும்னு இருந்தேன். வீடு பாக்க வந்தவங்க எல்லாம் ஈரச் சுவரப் பாத்துட்டே ஓடிட்டாங்க. இந்த மழையில ஒருத்தர் வந்தாரு, தரை காஞ்சு கெடந்துச்சு, அப்பவே முடிச்சிட்டாரு." டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்க புண்ணியம்."

போகாதே என்று சொல்ல வாயெடுத்தாள். எந்த உரிமையில் சொல்வது?

"நல்லதாப் போச்சு டீச்சர்" என்றாள்.

"கயிறு கட்டத்தான் எனக்கு வர மாட்டேங்குது. அவுந்து அவுந்து போகுது."

தையல்காரி தரையில் உட்கார்ந்தாள். முதல் பெட்டியை இழுத்து, இறுக்கிக் கட்ட ஆரம்பித்தாள்.